கூண்டும் கொள்ளைநோயும்

குண்டசாலை என்றவுடன் வரலாறு கற்றோர் நினைவில் எழுபவன், 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன். அவன் வாழ்ந்த அவ்வூரின் கரண்டகொல்லையில், பிற்காலத்தில் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. மன்னரின் வரலாற்றைப் பாடநூல்கள் விரித்துரைக்கும். பறவைகளின் நோய் வரலாற்றை உரைப்பதில்லை. அதுவோ, வாணிகத்தின் வரலாறும் ஏழைகளின் வரலாறுமாகும்.

1929ஆம் ஆண்டில் தென்னமெரிக்கக் கிளிகள் கூண்டுகளில் அடைபட்டுக் கப்பலேறி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விற்பனைக்குச் சென்றன. அவற்றை வாங்கிய வீடுகளிற் கிளிக்காய்ச்சல் பரவிற்று, மாந்தர் மாண்டனர். 1930 சனவரியில் அமெரிக்க அதிபர் ஹூவர் கிளி இறக்குமதியைத் தடைசெய்தார். பழி கிளியின் தலையில் விழுந்தது.

உண்மை யாது? அந்நோய்க் கிருமி பறவையின் உடலில் நெடுங்காலம் ஓசையின்றி உறங்கவல்லது. பிடிபட்ட அச்சம், நெருக்கடி, பசி, நெடும்பயணம் ஆகியவை பறவையை நலிவிக்கும்போது கிருமி பெருகி எச்சத்தில் வெளிப்படுகிறது. காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தவர் நோயுறுகிறார். பின்னர் கலிபோர்னியாவில் ஆராய்ந்த கார்ல் மேயர், உள்ளூரில் வளர்த்த சிறு கிளிகளிலும் இக்கிருமியைக் கண்டார். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் சிறு வருமானம் வேண்டிப் பலர் வீட்டுக் கொல்லையில் வளர்த்த கிளிகள் அவை. வறுமையும் கூண்டு செய்யத் தூண்டிற்று.

கோழிகளைக் கொல்லும் வேறொரு நோய் 1926இல் யாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகிலும் வெளிப்பட்டது. இந்தியாவில் இமயமலை நகரான இராணிக்கெட்டின் பெயரை அது பெற்றது. தமிழகத்தார் அதனை வெள்ளைக் கழிச்சல் என்பர். இலங்கையும் அதற்குத் தப்பவில்லை. கிளி வாணிகமும் கோழி வளர்ப்பும் வெவ்வேறு உலகங்கள் என எண்ணியோர்க்கு 1971 விடை தந்தது. இறக்குமதியான அயல்நாட்டுக் கிளிகள் வழியே இதே நோய் தென்கலிபோர்னியப் பண்ணைகளிற் புகுந்தது. நோயின் அறிகுறி சிறிதுமின்றி, ஓராண்டுக்கு மேலும் வைரசைச் சிந்தும் கிளிகளுண்டு. 1974இல் நோய் ஒழியுமுன் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. அரசு செலவிட்டது 5 கோடியே 60 இலட்சம் டொலர்.

செல்வ நாட்டின் அரசு இவ்வாறு செலவிட இயலும். தோட்ட லயத்திலோ கிராமத்துக் கொல்லையிலோ ஐந்து கோழி வளர்க்கும் பெண்ணின் நிலை என்ன? அவளுக்குக் கோழியே சேமிப்பு. பிள்ளையின் நோய்க்கு மருந்தும் பள்ளிக்குப் புத்தகமும் அதிலிருந்தே வரும். இந்நோய் புகுந்தால் ஒரு கிழமைக்குள் கூடு வெறுமையாகும். தடுப்புமருந்து இருந்தும் அவளை எட்டவில்லை. ஆயிரம் கோழிக்கு ஒரு குப்பி, குளிரூட்டியிலேயே காக்கவேண்டும் என்ற கணக்கு, பெரும்பண்ணைக்காக இடப்பட்டதன்றோ?

இக்கணக்கை மாற்ற முனைந்தவர் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீற்றர் ஸ்பிராட்புறோ. வெப்பந்தாங்கும் வைரசு வகையை அவர் தேர்ந்தார். 1980களில் மலேசியக் கிராமங்களில் அது தீவனத்திற் கலந்து சோதிக்கப்பட்டது. பின்னர் உருவான ‘ஐ-2’ என்னும் வகையின் மூலவித்து வறிய நாடுகளின் ஆய்வுகூடங்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டது.

வைரசைப் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், இம்மருந்து யாருக்காக ஆக்கப்பட்டது, யாருடைய வாசலை எட்டாது நின்றது என்ற வினாக்களையும் உடன் கற்பிப்போமாக. குண்டசாலைப் பிள்ளைகள் பலருக்கு விடை தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை; வீட்டுக் கோழிக்கூட்டைத் திறந்து பார்த்தாற் போதும்.