மாத்தளை: வடக்கிலிருந்து வந்த பாதை

மாத்தளை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். முஸ்லிம்கள் 9 வீதமளவில், தமிழர்கள் ஏறத்தாழ 10 வீதம். இந்தத் தமிழர்களை அரச பதிவு 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரண்டாகப் பிரிக்கிறது. 1911 இல் தொடங்கிய பிரிப்பு இது.

'இந்தியத் தமிழர்' எனப் பதியப்படுவோரின் முன்னோர் 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள். தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாக, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. உயிர் தப்பியோருக்கு மலையகத்தின் வாசல் மாத்தளைதான். 1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது. கோப்பி நோயால் அழிந்த பிறகு தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்கள் இம்மக்களின் உழைப்பில் எழுந்தன. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகப் பஞ்சரத பவனி இன்றும் மாவட்டத்தின் பெருவிழா.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரச்சினைக்குச் சட்டத் தீர்வு கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1977, 1983 வன்முறைகளின்போது மலையகத்திலிருந்து பெருந்தொகையானோர் வடக்கு நோக்கி இடம்பெயர்ந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறினர். காடு வெட்டி வயலாக்கிய அக்குடும்பங்களும் 2009 வரை வன்னிப் போரின் இழப்புகளைச் சுமந்தன.

2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் நடந்த திசையிலேயே அந்தப் பயணமும் அமைந்தது.

எனவே குடிசனப் பட்டியலை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலையக வேர் கொண்ட ஒருவர் 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்திருக்கலாம்; வேறு மாவட்டத்தில் வாழும் அவரது உறவினர் 'இந்தியத் தமிழர்' எனப் பதிந்திருக்கலாம். 'இந்தியத் தமிழர்' எண்ணிக்கையை மட்டும் வைத்து மலையக மக்கள் தொகையைக் கணித்தால், காணி, வீடு, அரசியல் பிரதிநிதித்துவம் ஆகியவற்றுக்கான அவர்களது கோரிக்கைகளும் சுருங்கிவிடும்.