காகிதப்பூவும் ஆம்பளை வேஷமும்

நம்ம ஊர் வெயிலுக்குக் காகிதப்பூவை அடிச்சுக்க ஆளில்லை. அதாங்க, போகன்வில்லா. நல்ல வெயில் வேணும், மண்ணு காய்ஞ்சப்புறம் தண்ணி ஊத்தினாப் போதும். பாசம் பொங்கி தினமும் ஊத்தினீங்கன்னா இலையாத் தள்ளும், பூக்காது. இன்னொண்ணு, கலர் கலராத் தெரியறது பூவே இல்லை, நிறம் மாறின இலை. நிஜப் பூ நடுவுல வெள்ளையா, குட்டியா மூணு இருக்கும். யாரும் கண்டுக்கறதில்லை.

இதோட சரித்திரமும் அப்படித்தான்.

பேருக்குச் சொந்தக்காரர் பூகன்வில். 1766-ல உலகத்தைச் சுத்தக் கிளம்பின பிரெஞ்சுக் கப்பல் தளபதி. கூடப் போன தாவரவியலாளர் கொம்மெர்சோன் 1767-ல ரியோ டி ஜெனீரோல கிடைச்ச இந்தச் செடிக்குத் தளபதி பேரையே வெச்சார். 1789-ல ழூசியூ அதை அச்சிலயும் ஏத்திட்டார். (பாஸுக்கு ஐஸ் வைக்கிறது அப்பவே இருந்திருக்கு பாருங்க!)

கொம்மெர்சோனுக்கு உதவியாளா ஒரு 'பையன்'. நிஜத்துல அது ழான் பரேங்கிற பொண்ணு. கடற்படைக் கப்பல்ல பொம்பளைங்க ஏறக்கூடாதுன்னு சட்டம், அதனால ஆம்பளை வேஷம். கொம்மெர்சோனுக்கோ கால்ல புண்ணு. மகெல்லன் நீரிணைப் பனிமலைல சாப்பாடு, துப்பாக்கி, செடி அடுக்குற கட்டு எல்லாத்தையும் சுமந்தது இந்தம்மாதான்னு தளபதியே தன் பயண நூல்ல எழுதியிருக்கார். அப்போ ரியோல கிளையை ஒடிச்சதும் அவங்க கையாத்தான் இருக்கும்ங்கிறது என் கட்சி.

1768-ல தஹித்தித் தீவுல குட்டு உடைஞ்சதுன்னு பூகன்வில் சொல்றார். அதே வருஷம் ரெண்டு பேரும் மொரீஷியஸ்ல இறங்கிட்டாங்க. 1773-ல கொம்மெர்சோன் அங்கேயே காலமாயிட்டார். பரே அடுத்த வருஷம் ஒரு பிரெஞ்சு சிப்பாயைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, அப்புறம் ஊர் திரும்பினாங்க. உலகத்தை ஒரு சுத்து சுத்தின முதல் பெண்ணுன்னு இன்னிக்குச் சொல்றோம். அன்னிக்கு வரவேற்க ஒரு ஈ காக்கா இல்லை. 1785-ல கடற்படை அமைச்சகம் வருஷத்துக்கு 200 லிவ்ர் பென்ஷன் குடுத்துது. அதாவது தேவலை.

கொம்மெர்சோன் பரே பேரையும் ஒரு செடிக்கு வெச்சுப் பார்த்தார். அதுக்கு வேற பேர் நிலைச்சுட்டதால இது எடுபடலை. பரே 1807-ல செத்துப் போனாங்க.

2012-ல ஈக்வடார், பெரு பக்கம் வளர்ற ஒரு செடிக்கு சொலானம் பரேட்டியேன்னு பேர் வெச்சாங்க. நம்ம கத்திரிக்கா, சுண்டைக்கா எல்லாம் அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.