பட்டியலில் இல்லாத திருப்பணியாளர்



இம்மலரில் பங்குக் குருக்களின் வரிசையைக் காண்பீர்கள். அதில் ஒரு பெண்ணின் பெயரும் இராது. விராலிமலைப் பகுதியில் விசுவாசம் வேரூன்றியது குருக்களால் மட்டுமா?

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புஷே சுவாமியார் அருகிலுள்ள ஆவூரில் வேதபோதகம் செய்தார். குருவானவர் ஒரு கிராமத்துக்கு ஆண்டில் சில நாட்களே கிடைத்த காலம். உபதேசியார் ஊர்க்கூட்டத்தில் போதித்தார்; வீட்டுக்குள் ஜெபங்களைப் பிள்ளைகளின் நாவில் ஏற்றியவர்கள் தாய்மாரே. அவசரத்தில் பெண்ணும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று புளோரன்ஸ் பொதுச்சங்கம் 1439-லேயே அறிவித்திருந்தது. பிழைக்காதெனத் தெரிந்த சிசுவின் தலையில் தண்ணீர் ஊற்றியது பெரும்பாலும் பேறு பார்த்த கைதான்.

1858-ல் திருச்சியில் அன்னம்மாள் என்ற அம்மையாரால் புனித அன்னாள் சபை தோன்றியது. சேர்ந்தவர்கள் விதவைகள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வரலாகாது என்று ஒதுக்கப்பட்டவர்கள். கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல, சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவர்கள்தாம் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, பிறர் துயர் துடைக்கப் புறப்பட்டார்கள்.

வாசகர், பீடத்துணைவர் பணிகளை 1972-ல் ஆறாம் சின்னப்பர் ஆண்களுக்கே ஒதுக்கினார். காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் அவற்றைப் பெண்களுக்கும் திறந்தார். அவ்வாண்டு மே மாதம் வேதியர் பணியையும் இருபாலாருக்கும் முறையான திருப்பணியாக்கினார். (குருப்பட்டம் வேறு விஷயம்; அதை இங்கே பேசவில்லை.)

உங்கள் பாட்டிக்கு ஜெபம் சொல்லித் தந்தவர் யார்? பெயர் தெரிந்தால் வந்து சொல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்.