ஜானி ராட்ஜர்ஸின் 72 கெஜம்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். முன்னேற முடியாத அணி பந்தை உயர உதைத்து எதிரணிப் பக்கம் தள்ளிவிடும். அதற்குப் பெயர் பன்ட். அதைப் பிடித்து, பாய்ந்து வரும் பதினோரு பேரையும் ஏய்த்துவிட்டு ஓடுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். கபடியில் பாடிப்போனவர் கோட்டுக்குத் திரும்பப் படும் பாடுதான்.

அந்த வேலையில் பெயர் பெற்றவர் ஒமாஹா ஊர்க்காரர் ஜானி ராட்ஜர்ஸ். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி. பாஸ் பிடிப்பதிலும் கெட்டிக்காரர்.

நவம்பர் 25, 1971. ஒக்லஹோமா மாநிலம் நார்மன் நகரில் இரண்டு பெரிய அணிகள் மோதின. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு பன்ட் ராட்ஜர்ஸ் கைக்கு வந்தது. பிடித்த கையோடு கிரெக் புரூயிட் வந்து மோதினார். ராட்ஜர்ஸ் சாய்ந்தார், ஒரு கையைத் தரையில் ஊன்றிச் சுழன்றார், பிறகு இடதுபக்கக் கோட்டோரமாக ஒரே ஓட்டம். 72 கெஜம்! வழியில் ஜோ பிளாஹக் முதுகுப்பக்கமாகத் தடுத்தது விதிமீறல் என்று ஒக்லஹோமாக்காரர்கள் பல வருடம் சண்டை பிடித்தார்கள். நெப்ராஸ்கா 35-31 என்று வென்றது.

இதற்கு முந்தைய வருடம், முதலாண்டு மாணவராக இருக்கையில், லிங்கன் நகரில் ஒரு பெட்ரோல் பங்க் கொள்ளையில் அவரும் சேர்ந்திருந்தார். நூறு டாலர்கூடத் தேறவில்லை. சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். பயிற்சியாளர் பாப் டெவானி அவரை அணியிலிருந்து விலக்கவில்லை. 1972இல் ஹைஸ்மன் டிராபிக்கு அவர் பெயர் அடிபட்டபோது பத்திரிகையாளர்கள் சிலர் அந்தக் கொள்ளையைக் கிளப்பினார்கள். ஆனாலும் பரிசு அவருக்கே. இரண்டாவதாக வந்தவர் அதே புரூயிட்.

1973 ஜனவரி 1, ஆரஞ்சு பவுல். நோட்டர் டேமை 40-6 என்று தோற்கடித்த ஆட்டத்தில் மூன்று டச் டவுன் ஓடியே எடுத்தார், ஒன்றைப் பிடித்து எடுத்தார், இன்னொன்றுக்குப் பந்தை எறிந்தும் கொடுத்தார்! பிறகு மான்ட்ரியலில் நல்ல பெயர். சான் டியகோவில் காயங்கள்தான் மிச்சம்.

முப்பது வருடம் பணியாளர் கோப்புகளைப் புரட்டியவன் நான். இளவயதுக் குற்றம் ஒன்று ஒற்றை வரியாக ஆளைக் கடைசிவரை துரத்துவதைப் பார்த்திருக்கிறேன். ராட்ஜர்ஸையும் அது துரத்தியது. நெப்ராஸ்கா மன்னிப்பு வாரியம் அந்த வரியை மன்னித்தது 2013இல். அப்போது அவருக்கு வயது 62.