நான்கு விடைகளில் எது சரி? தோட்டப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடக் கற்பித்தல்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் எவ்வளவு என்று கூகுளில் தமிழில் தேடினால் 1,000, 1,700, 1,350, 1,750 ரூபாய் என நான்கு விடைகள் வரக்கூடும். நான்கும் ஒவ்வொரு காலத்தில் உண்மையான செய்திகளாக வந்தவைதான். 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபாய்க்கு வர்த்தமானி வெளியாகி, ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உள்ளானது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்றானது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாய் சம்பளமும் அரசின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் சேர்ந்து 1,750 ரூபாய் என அறிவிக்கப்பட்டது.

தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் இப்படியான கேள்விக்குத் தொலைபேசியை எடுத்து விடை தேடுவது பெரும்பாலும் பாடசாலை செல்லும் பிள்ளைதான். தேடுவதற்குப் பிள்ளைக்குத் தெரியும். அறிவிப்புக்கும் வர்த்தமானிக்கும் உள்ள வேறுபாட்டையும், பழைய செய்தியையும் புதிய செய்தியையும் பிரித்துப் பார்க்கும் வழியையும் வகுப்பறைதான் கற்றுத்தர வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியரும் கணினி அறையும் இருந்தால்தான் இதைக் கற்பிக்கலாம் என்றில்லை. வரலாறு, விஞ்ஞானம், தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்பிக்கலாம்.

எந்தச் சொல்லால் தேடுவது?

இணையத்தில் உள்ள தமிழ்ப் பக்கங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருபவை. நமது பாடநூலில் ஒளித்தொகுப்பு என்பது அங்கே ஒளிச்சேர்க்கை. இரசாயனவியல் அங்கே வேதியியல், பௌதிகவியல் இயற்பியல், ஒட்சிசன் ஆக்சிஜன். ஒரு சொல்லால் மட்டும் தேடும் மாணவருக்குப் பாதித் தகவல் கிடைக்காமல் போகிறது. அங்குள்ள சொல்லை அப்படியே பரீட்சை விடைத்தாளில் எழுதினால் குழப்பம் நேர்கிறது. இலங்கையில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தை உயர் நீதிமன்றம் என்கிறோம். தமிழ்நாட்டில் அதே பெயர் அதற்குக் கீழ்ப்பட்ட மாநில நீதிமன்றத்தைக் குறிக்கும்.

ஆகவே முதற்பாடம் சொற்பட்டியல். ஒவ்வோர் அலகிலும் நமது சொல், தமிழ்நாட்டுச் சொல், ஆங்கிலச் சொல் மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தேடச் சொல்லலாம். இடப்பெயரையும் சேர்க்கப் பழக்க வேண்டும். 'நிலச்சரிவு' என்று தேடினால் வயநாடும் நீலகிரியும் முன்னே வரும். 'மண்சரிவு கேகாலை' என்று தேடினால்தான் நமது ஊர் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்களும், வெறும் படமாக ஏற்றப்பட்ட பக்கங்களும் தமிழ்த் தேடலில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. அவற்றைத் திணைக்களத்தின் தளத்திற்கோ, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகம் தளத்திற்கோ நேரே சென்று பார்க்க வேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன.

யார் சொன்னது? எப்போது? எந்த இடத்துக்கு?

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அன்றே புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு உயிர்களைக் காவுகொண்டது. மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டது. இந்த மாவட்டங்களில் தகவலைச் சரிபார்ப்பது உயிரோடு தொடர்புடைய விடயம்.

மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். எச்சரிக்கையில் பிரதேச செயலகப் பிரிவின் பெயரும், அது எந்த நேரம் வரை செல்லும் என்பதும் இருக்கும். வட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் இவை வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது அது போன ஆண்டின் படமாக இருக்கலாம். திகதி, நேரம், பிரிவு, வெளியிட்டவர் ஆகிய நான்கையும் பிள்ளை விரலை வைத்துக் காட்ட வேண்டும். ஐயம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்கலாம். மலையில் வெடிப்பு, நீர் திடீரெனக் கலங்குதல், மரங்கள் சாய்தல் போன்ற அறிகுறிகளைக் கண்டால் இணையத்தைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே வெளியேற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பக்கத்தை விட்டு வெளியே வந்து பார்த்தல்

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பேர்க், சாரா மக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாசிரியர்களையும் 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களையும் 25 மாணவர்களையும் இணையத்தளங்களை மதிப்பிட வைத்தனர். படித்தவர்கள் பலரும் பக்கத்தின் அழகிலும் இலச்சினையிலும் ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்கள் அப்பக்கத்தில் அதிக நேரம் செலவிடவில்லை. வேறு பக்கங்களைத் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தனர்.

முகநூலில் வரும் வெளிநாட்டு வேலை விளம்பரத்தை இதே முறையில் சோதிக்கலாம். விளம்பரம் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்பதை விடுத்து, அந்த முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்தில் பார்க்கலாம். 1989 இலக்கத்திலும் கேட்கலாம். கடவுச்சீட்டையும் காசையும் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

வதந்தியின் விலை நமக்குத் தெரியும்

1983 ஜூலை 29 அன்று கொழும்புக்குள் புலிகள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி மீண்டும் கொலைகள் நடந்தன. அப்போது வதந்தி வாய்மொழியாகப் பரவியது. 2018இல் அம்பாறையில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பரவிய பொய், கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்படக் காரணமானது. அது மாவுக் கட்டி என்பதை அரச பகுப்பாய்வாளர் உறுதிசெய்தபோது சேதம் நடந்து முடிந்திருந்தது. 1977இலும் 1981இலும் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பின்னர் போரையும் கண்டன. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும், சப்ரகமுவவிலேயே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் ஒன்றுதான்.

ஒரு பாடவேளையில் செய்யக்கூடியவை

சிக்னல் இல்லாத பாடசாலையிலும் இது முடியும். ஆசிரியர் முன்கூட்டியே சேமித்த ஐந்து பக்கங்களை அச்சிட்டோ கரும்பலகையில் எழுதியோ கொடுக்கலாம். அவற்றில் இரண்டு பழையவையாகவும் ஒன்று பொய்யாகவும் இருக்கட்டும். மாணவர் குழுவாகப் பிரிந்து, எதை நம்புவோம், ஏன் என்று காரணத்துடன் எழுத வேண்டும். சரியான விடைக்கு மட்டும் புள்ளி கொடுக்காமல் காரணத்துக்கும் கொடுக்க வேண்டும். 'இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது' என்று காரணத்தோடு எழுதிய பிள்ளைக்கும் முழுப் புள்ளி உண்டு. பரீட்சைக்குப் பழகிய நமது வகுப்பறைகளில் கற்பிக்கக் கடினமானது அந்த விடைதான்.