பெயர்கள் கல்லேறக் காத்திருந்த நூறாண்டு: செங்ஹெனித் சுரங்க விபத்தும் நினைவேந்தலும்

1913 அக்டோபர் 14 காலை எட்டு மணி கடந்த சில நிமிடங்களில், தெற்கு வேல்ஸின் செங்ஹெனித் ஊரிலிருந்த யுனிவர்சல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. அப்போது உள்ளே சுமார் 950 பேர் வேலையில் இருந்தார்கள். இறந்த தொழிலாளர்கள் 439 பேர்; அவர்களை மீட்கப் போய் மாண்ட ஒருவரையும் சேர்த்தால் 440. பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை. இவர்களுக்கு அந்த ஊரில் 1981 வரை பொது நினைவுச்சின்னம் ஏன் எழவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

துயரம் அன்று மறைக்கப்படவில்லை, விற்கப்பட்டது என்பதே உண்மை. கிளாஸ்கோவைச் சேர்ந்த புகைப்படக்காரர் பென்டன், சுரங்க வாசலில் காத்திருந்த கூட்டம், மீட்புக் குழுக்கள், சவ ஊர்வலம் என வரிசையாகப் படமெடுத்து அஞ்சலட்டைகளாக்கினார். இன்று ஆய்வாளர்களுக்கு அவையே முதன்மைக் காட்சி ஆவணம். ஆனால் ஊரின் இழப்பு அந்த அட்டைகளுக்குள் அடங்குவதல்ல. 205 பெண்கள் கணவரை இழந்தார்கள். 542 குழந்தைகள் தகப்பனை இழந்தார்கள். இறந்தவர்களில் எட்டுப் பேருக்கு வயது பதினான்குதான். 12 வீடுகளில் அப்பாவும் மகனும் ஒன்றாகப் போனார்கள். 1901 வெடிப்பில் கணவனைப் பறிகொடுத்திருந்த ஒரு பெண்ணுக்கு இம்முறை இரண்டு மகன்கள், சகோதரன், வீட்டில் தங்கியிருந்த வாடகைக்காரர் என மேலும் சாவுகள்.

அந்த 1901-ஐ விட்டுவிட்டு 1913-ஐப் பேச முடியாது. அவ்வாண்டு மே 24-இல் இதே சுரங்கம் வெடித்து 81 பேர் இறந்திருந்தார்கள். நிலக்கரித் தூசி அடர்ந்து கிடந்ததையும், அதை அடக்க நீர் தெளித்தது போதாததையும் அப்போதைய விசாரணை சுட்டிக்காட்டியது. 1911 சுரங்கச் சட்டம் காற்றோட்டத்தைத் திசைமாற்றும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. கெடு நீட்டிக்கப்பட்டும் யுனிவர்சலில் அது முடிந்திருக்கவில்லை. தலைமைச் சுரங்க ஆய்வாளர் ரெட்மெய்ன் நடத்திய விசாரணையில் இதெல்லாம் வெளிவந்தது. மின் சமிக்ஞைக் கருவியின் தீப்பொறி மீத்தேனைப் பற்றவைத்திருக்கலாம் என்பதும் பேசப்பட்டது. முடிவில் மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம். முதலில் விடுதலையான நிறுவனத்துக்கு, மேல்முறையீட்டுக்குப் பின் 10 பவுண்டு. உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் சில்லறையும் என்று உள்ளூர் இதழ் கணக்குப் போட்டது. அரசின் பதில் அவ்வளவுதான் என்றான பிறகு, இறந்தவர்களை நினைக்கும் வேலை வீடுகள் மீதும் தேவாலயங்கள் மீதும் விழுந்தது. விபத்துக்கு அடுத்த ஆண்டே உலகப்போர் வந்தது. 1928-இல் சுரங்கமும் மூடப்பட்டது.

1981-இல் தேசிய நிலக்கரி வாரியம் சின்னம் ஒன்றைத் திறந்தது. சுரங்கம் இருந்த நிலத்தில் கட்டப்பட்ட தொடக்கப் பள்ளிக்கு வெளியே, கூண்டை ஏற்றி இறக்கும் சக்கரக் கோபுரத்தின் மாதிரி, இருபது அடி உயரத்தில். நிலக்கரித் தொழிலை நடத்தியவர்கள் நினைவுக்குத் தேர்ந்த வடிவம் இயந்திரமாக இருந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மனிதர்கள் முன்னுக்கு வர மேலும் 32 ஆண்டுகள் ஆயின. 2013 அக்டோபர் 14, நூற்றாண்டு நாளன்று, ஆபர் பள்ளத்தாக்கு மரபுக் குழுவும் வேல்ஸ் அரசும் சேர்ந்து எழுப்பிய தேசியச் சுரங்க நினைவிடம் திறக்கப்பட்டது. சிற்பி லெஸ் ஜான்சனின் வெண்கலச் சிலையில் மீட்பாளர் ஒருவர் உயிர் தப்பியவரைத் தாங்கி நிற்கிறார். சுற்றிலும் தோட்டச் சுவரில் இறந்தோரின் விவரங்கள் தாங்கிய ஓடுகள். தெற்கு வேல்ஸின் கடைசிப் பெரிய ஆழ்சுரங்கமான டவர் 2008-லேயே மூடப்பட்டிருந்தது. பெயர்கள் சுவரில் ஏறியபோது, அந்தப் பெயர்களால் சங்கடப்பட வேண்டிய முதலாளி எவரும் மிஞ்சவில்லை.

வேல்ஸின் 150-க்கும் மேற்பட்ட சுரங்க விபத்துகளை ஒரே நினைவிடம் தழுவுவதை வாரிசுகளின் வெற்றியாகவே பார்க்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக நினைக்கும்போது, தடுத்திருக்கக்கூடிய இந்த ஒன்று விதியின் கணக்கில் கரைந்துவிடும் அபாயமும் உண்டு. 1981 சின்னத்துக்கும் 2013 நினைவிடத்துக்கும் நடுவே, 2006-இல், இன்னொரு சின்னம் வைக்கப்பட்டது. அதிகம் பேசப்படாத அது, 1901-இல் மாண்டவர்களையும் 1913-இல் மாண்டவர்களையும் சேர்த்தே நினைக்கிறது. எச்சரிக்கையையும் அதை மதிக்காததன் விளைவையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதால், மூன்றில் வரலாற்றுக்கு அதிக நேர்மையானது அதுதான்.