சுடுகாட்டு மல்லி

ஒரகடம் பக்கத்தில் நான் வேலை செய்யும் காலனியில், சுடுகாட்டுக்குப் போகும் வழி ஒரு தொழிற்சாலைச் சுற்றுச்சுவரை ஒட்டிப் போகிறது. ஊர்க்காரர்களுக்கு ஏரிக்கரையில் தனிச் சுடுகாடு. சிப்காட் வந்தது, நிலம் போனது, மேய்ச்சல் போனது, சாதிக்கொரு சுடுகாடு மட்டும் போகவில்லை. அந்த வழி நெடுக இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பூ. தண்ணீர் கேட்காது, ஆடு வாய் வைக்காது. புத்தகத்தில் நித்தியகல்யாணி, எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி.

அந்தக் காலனியில் ஒரு பையனுக்கு ரத்தப் புற்றுநோய். அவன் அம்மா ஒருநாள் மருத்துவமனைச் சீட்டை நீட்டி, "இது என்ன ஊசிக்கா?" என்று கேட்டார். வின்கிரிஸ்டின் என்று எழுதியிருந்தது. "நம்ம சுடுகாட்டு வழியில பூத்திருக்கே, அந்தச் செடியிலருந்து வர்றதுதான்" என்றேன். அவர் நம்பவில்லை. "பொணத்துக்குப் போற பூவா?"

அந்தப் பூதான். ஆனால் பூவிலிருந்து ஊசி வரைக்குமான கதையில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

செடியின் பிறப்பிடம் மடகாஸ்கர். கப்பல்களோடு வெப்பநாடுகள் முழுக்கப் பரவியது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் வாழும் ஜமைக்காவில், அதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்த ஜான்ஸ்டன் என்ற மருத்துவர், ஓர் உறையில் கொஞ்சம் இலைகளை வைத்துக் கனடாவுக்கு, டாக்டர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். இலையைப் பற்றி ஜான்ஸ்டனுக்குச் சொன்னது யார்? நான் படித்த இடத்திலெல்லாம் "அவருடைய நோயாளி ஒருவர்" என்றுதான் இருக்கிறது. அனுப்பியவருக்குப் பெயர் உண்டு, பெற்றவருக்குப் பெயர் உண்டு, சொன்னவருக்கு இல்லை.

கிளார்க் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டினார்கள். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். எலிகள் தொற்று வந்து செத்தன. ரத்தத்தைச் சோதித்தபோது வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. இலையில் ஏதோ ஒன்று வெள்ளை அணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு அது மருந்தாகலாமே?

அந்த "ஏதோ ஒன்றை" பிரித்தெடுக்க 1954-இல் சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் சேர்ந்தார். வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த இடம் பிடிக்கும். காய்ந்த இலைப்பொடியைக் கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். அமிலத்தில் ஆல்கலாய்டுகள் உப்பாகிக் கரையும். காரம் சேர்த்தால் தனியே வெளிவரும். அந்தக் கலவையை அலுமினா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றினால், ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கிப் பிரியும். அப்படிப் பிரித்துப் படிகமாக்கியதுதான் வின்பிளாஸ்டின். 1958-இல் அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடா இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரையும் இந்தச் செடியிடம் இழுத்தது மக்கள் பேச்சுதான்: பிலிப்பைன்சில் சர்க்கரைக்கு இதைச் சாப்பிடுகிறார்கள் என்ற செய்தி. அங்கேதான் வின்கிரிஸ்டின் கிடைத்தது. 1963-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. 1965-இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் இந்த மூலக்கூறுகளின் முழு வடிவமும் உறுதியானது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களை இவை உருவாகவிடாமல் தடுக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்றுநோய் போகாது, இலை நஞ்சு. ஒரு கிராம் மருந்துக்கு அரை டன்னுக்குக் குறையாத காய்ந்த இலை வேண்டும். நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று மார்தட்டும் கூட்டத்தில் நான் இல்லை. ஜமைக்காவில் சர்க்கரைக்குத்தான் குடித்தார்கள், புற்றுநோய்க்கு அல்ல. வேதியியலாளர்களின் உழைப்பு உண்மையானது. என் கேள்வி வேறு: செடியிலிருந்து பொருளைப் பிரிக்கும்போது, செடியோடு வாழ்ந்தவர்களையும் கதையிலிருந்து பிரித்துவிடுவது ஏன்?

நமக்கு இது புதிதல்ல. எல்லிஸ் துரைக்குத் திருக்குறள் ஏடுகள் போய்ச் சேர்ந்தது, ஒரு துரையிடம் சமையல்காரராக இருந்த கந்தப்பன் வழியாக. அந்தக் கந்தப்பனின் பேரன்தான் அயோத்திதாசப் பண்டிதர். பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதையும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். தாத்தாவின் பெயரைப் பேரனே எழுதி நிலைநிறுத்த வேண்டியிருந்தது.

எழுபதுகளுக்குப் பிறகு தென்மாவட்டக் கரிசல், செம்மண் மானாவாரிகளில் நித்தியகல்யாணி பணப்பயிரானது. இலை மருந்துக்கு, வேர் வேறோர் ஆல்கலாய்டுக்கு, இரண்டும் ஏற்றுமதிக்கு. அந்த இலையை உருவிக் காயப்போடும் பெண்களின் கூலி மூலக்கூறின் விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1987-இல் அகத்தியமலையில் தாவரவியலாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், சிறு பழங்களைத் தின்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து திருவனந்தபுரம் தாவரப் பூங்கா நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுத்தது. அதில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு. மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்று சொன்னவர்களின் பெயர்களே பதிவாகியிருக்கின்றன. தொகை சிறியது, செடியைப் பயிரிட வனத்துறை முட்டுக்கட்டை போட்டது, சண்டையும் வந்தது. ஆனாலும் பங்கு என்ற சொல் அங்கே நடைமுறைக்கு வந்தது.

2002-இன் உயிரியல் பல்வகைமைச் சட்டம் அந்தப் பங்கை உரிமையாக்கியது. 2023 திருத்தமோ நூலில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. நூலில் ஏறிய அறிவு யாருடைய வாயிலிருந்து ஏறியது? காடு மேடு அலைந்து வேர் பறித்த இருளர், பிரசவம் பார்த்த சேரிக் கிழவிகள், இவர்களிடம் கேட்காமலா சுவடி நிரம்பியது? அதைச் சட்டமன்றத்தில் கேட்கவும் ஆள் வேண்டும், ஆய்வகத்தில் கேட்கவும் ஆள் வேண்டும்.

பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான், ஊசி இன்னும் முடியவில்லை. அதே காலனியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் பெண் ஒருத்தி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, சுடுகாட்டு வழியில் ஒரு பை நிறைய இலை பறித்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். ஆசிரியரிடம் கேட்டு, மென்படலத் தகட்டில் சாற்றை ஓடவிட்டு, டிராகன்டார்ஃப் கரைசல் தெளித்திருக்கிறாள். ஆல்கலாய்டு இருக்கும் இடமெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி விழும். வாட்ஸ்அப்பில் படம் வந்தது, கீழே ஒரு வரி: "அக்கா, எத்தனை இருக்கு பாருங்க."